ஷட்டர் கனமாக இருந்த இரண்டு வருஷம்

என் கடையின் ஷட்டர் ஒன்பதடி அகலம், எட்டடி உயரம். நெல்லிவாசல்நாட்டுக்குப் பிரியும் சாலையில், திருப்பத்தூர் போகிற ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. ஜெராக்ஸ் எடுப்பேன், போனுக்கு ரீசார்ஜ் போடுவேன், நோட்டு, பேனா, பிஸ்கட், சோப்பு, தலைவலி மாத்திரை விற்பேன். கல்யாணமாகி மலைக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு நான் "கீழூர் அம்மா"தான். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அவர்களில் ஒருத்தியாக ஆக வேண்டும் என்று தலைகீழாக நின்றதில்லை.

கடை என் வீட்டுக்காரர் கட்டியது. அவர் போன பிறகு ஓசூரில் இருக்கும் மகள் என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, விடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து வாதாடினாள். கடைசியில் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ஷட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு கணக்குக்கு வந்தாள்.

"இதை நீயா திறந்து நீயா மூடற வரைக்கும் இங்கயே இரும்மா. நான் வாயைத் திறக்க மாட்டேன். என்னிக்கு இதைத் தூக்க இன்னொரு ஆளைக் கூப்பிடறியோ, அன்னிக்குப் பேசாம கிளம்பி வந்துடணும்."

"சரி போ" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் சிரிப்புதான் வந்தது. பிடியில் கையை வைத்து ஓர் இழு இழுத்தால் தானாகச் சரசரவென்று மேலே போய்ச் சுருண்டுகொள்கிற சாமான் அது. அதை வைத்து என்னை ஓசூருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று பார்த்தாளே என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே 'டங்' என்று பெரிய சத்தம். கூரைத் தகரத்தில் குரங்கு குதித்துவிட்டது என்று வெளியே போய் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். குரங்கைக் காணோம். அன்றைக்குச் சாயங்காலம் ஷட்டரை இறக்கியபோது வழக்கமாக வருவது போல வராமல் தடாலென்று தரையில் விழுந்தது. கால் விரல் தப்பியது. மறுநாள் காலையில் தூக்கினால் முழங்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு வயசாகிவிட்டது.

ஏன் வேறு எதுவும் தோன்றவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மிக்ஸி ஓடாவிட்டால் மிக்ஸியைத்தான் சந்தேகப்படுவோம். ஷட்டர் ஏறாவிட்டால் மட்டும் தோளைச் சந்தேகப்பட்டேன். மகள் போட்ட கணக்கு அப்படி என் மண்டையில் ஏறியிருந்தது. தைலம் தேய்த்தேன். ராகிக் களியைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடுகிற தடத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். எறும்பு வந்ததுதான் மிச்சம். தினமும் காலையில் கடைக்கு நடந்து வரும்போது, இன்று ஏறுமா, ஏறாவிட்டால் துணிமணியைக் கட்டவேண்டியதுதானா என்றுதான் யோசிப்பேன்.

நாலைந்து நாள் எப்படியோ ஒப்பேற்றினேன். முழங்கால் வரை தூக்கி, ஒரு மர ஸ்டூலை முட்டுக் கொடுத்து, குனிந்து தோளை அடியில் வைத்து நெம்புவேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, ஸ்டூல் நழுவியது. அந்த நேரத்தில் பக்கத்தில் இரண்டு கைகள் வந்து அடிப்பட்டையைப் பிடித்தன. ஷட்டர் மேலே போனது.

ஜீப் டிரைவர். எங்கள் சாலையில் காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கும் முதல் ஜீப் அவருடையது. ஆறரைக்கே கொண்டுவந்து எதிரில் நிறுத்திவிட்டு, ஆள் சேரும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். மலைக்காரர்தான், என் வயசு இருக்கும். சாமையும் கொஞ்சம் புளியமரமும் உண்டு. மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது என்று கேள்வி. எத்தனையோ வருஷமாக எதிரில் நிற்கிறவர், அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் ரீசார்ஜ் நம்பர் மட்டும்தான்.

"இன்னாங்க கடைக்காரம்மா, தோ எதிர்லதான நிக்கிறேன். ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"எனக்கென்ன, நானே தூக்குவேன்."

"தூக்கினீங்க, பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பூட்டைத் திறந்தேன், அவர் தூக்கினார். அதற்கடுத்த நாளும். இப்படியே இரண்டு வருஷம் போனது.

எங்கள் ஊரில் எழுதி ஒட்டாத ஒரு வழக்கம் உண்டு. தனியாக இருக்கிற பெண்ணின் கடைக்கு ஆம்பிளை போனால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆதார் கார்டு, ரீசார்ஜ் போட ஒரு போன், குறைந்தது ஒரு காலிப் பை. வெறுங்கையோடு நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "இன்னா வேலை?" என்று கேட்பார்கள். குத்தலாகக் கூடக் கேட்க மாட்டார்கள், சாதாரணமாகத்தான் கேட்பார்கள். ஆனால் அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். டிரைவருக்குப் பதில் இருந்தது. "கீழூர் அம்மா ஷட்டரு கனமா கீது, தூக்கிவுட்டுப் போறேன்" என்பார். சரி என்று போய்விடுவார்கள். இன்னும் சொல்லப்போனால், அவர் தூக்கி வைத்தால் போணி நன்றாக ஆகிறது, டிரைவருக்குக் கைராசி என்று ஜீப்புக்கு நிற்கிற பெண்களே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

தூக்கி வைத்ததும் போய்விட மாட்டார். நான் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவருவேன். முதலில் எனக்கு மட்டும் கொண்டுவந்தேன், பிறகு இரண்டு பேருக்கு. படிக்கட்டில் நின்றபடியே குடிப்பார். ஒருநாளும் கடைக்குள் காலை வைத்ததில்லை. ஐந்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பத்து. நேற்று எந்த வளைவில் மரம் சாய்ந்திருந்தது, புளி எப்படிக் காய்த்திருக்கிறது, அவர் அண்ணன் வீட்டு மாடு கன்று போட்டதா இல்லையா, இவ்வளவுதான் பேச்சு. நான் அதிகம் பேசுவேன், அவர் கேட்பார். நான் யாரையாவது திட்டினால் சிரிப்பார். "உங்க வாய்க்கு பயந்துதான் அந்தக் கொரங்கு இந்தப் பக்கமே வர்றதில்ல" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போய்ட்டு வர்றேங்க" என்று ஜீப்புக்குப் போவார்.

மகள் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்வாள். பேச்சோடு பேச்சாக, "ஷட்டர் எப்படிம்மா இருக்கு?" என்பாள். "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பேன். அண்டப்புளுகு. பெற்ற மகளிடம் இரண்டு வருஷம் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பள்ளிக்கூட லீவில் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் இருக்கப் போவதாகச் சொன்னாள். வந்தால் காலையில் கடைக்கு வருவாள். டிரைவர் வந்து தூக்குவதைப் பார்ப்பாள். அதோடு என் கதை முடிந்தது. அப்போதுதான், இரண்டு வருஷம் கழித்து, இதற்கு ரிப்பேர் என்று ஒன்று இருக்குமே என்கிற அறிவு வந்தது. புதுக்கை வாங்க முடியாது, ஷட்டரையாவது பார்க்கச் சொல்வோம் என்று நினைத்தேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது டிரைவரிடம் சொன்னேன். "திருப்பத்தூர்ல ஷட்டர் போடற ஆளு யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. இதை என்னன்னு பார்த்துடணும்."

அவர் கிளாஸைப் பார்த்தார். "அவசியம் பார்க்கணுங்களா?"

"பின்னே? எத்தனை நாளைக்கு உங்களையே தொந்தரவு பண்ணிக்கிட்டு இருக்கறது?"

"தொந்தரவுன்னு நான் சொன்னேனுங்களா?"

என் மூளை முழுக்க மகள் வருகிற நாளில் இருந்தது. "சீக்கிரம் கூட்டிக்கிட்டு வாங்க டிரைவரே, எனக்கு அவசரம்" என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும். இன்றைக்கு வரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பத்து மணி ஜீப்பில் மெக்கானிக் வந்து இறங்கினார். நாற்பது வயசுக்காரர், கையில் ஒரு சாக்கு மூட்டை. மூட்டைக்குள் தட்டையான இரும்புப் பெட்டிகள் மோதிச் சத்தம் கேட்டது. ஷட்டரை ஒருதரம் பாதி வரை தூக்கினார், விட்டார். அது தொப்பென்று விழுந்தது. மேலே பார்த்து, "எத்தினி வருசமா இப்புடிக் கீதும்மா?" என்றார்.

"ரெண்டு வருஷம் இருக்கும். எனக்குத் தோள்ல பலம் போயிடுச்சு."

"தோளுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?"

ஏணியில் ஏறி மேலே இருந்த தகர மூடியைக் கழற்றினார். அதுவரை அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. சிலந்திவலையும் குளவிக்கூடும் போக, ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரை ஓர் இரும்புக் குழாய் படுத்திருந்தது. அதன்மேல் மூன்று சக்கரங்கள். ஷட்டரின் மேல்முனை அந்தச் சக்கரங்களில் திருகப்பட்டிருந்தது. கையிலிருந்த புதுப் பெட்டி ஒன்றைக் கீழே நீட்டி, உள்ளே பார்க்கச் சொன்னார். சாவி கொடுக்கிற பழைய கடிகாரத்துக்குள் இருக்குமே, அதே மாதிரி ஒரு பட்டைச் சுருள். ஆனால் இரண்டு விரல் அகலம், நல்ல தடிமன்.

"ஸ்பிரிங்கோட உள்முனை அந்தக் கொழாய்ல மாட்டிக்கும். வெளிமுனை சக்கரத்துல. கொழாய் சுத்தாதும்மா, அது கிளாம்ப்ல இறுகி நிக்கும். நீங்க ஷட்டரைக் கீழ இஸ்தா சக்கரம் மட்டும் சுத்தும். அப்ப நடுவுல மாட்டினு இருக்கற ஸ்பிரிங் இன்னா ஆவும்? முறுக்கிக்கும். அந்த முறுக்குதான் காலைல உங்க ஷட்டரை மேல இஸ்துக்குது."

"அப்ப நான் தூக்கறது?"

"நீங்க எந்தக் காலத்துலம்மா தூக்கினீங்க?" என்று சிரித்தார். "இந்த ஷட்டரு இரும்பு. ரெண்டு ஆம்பிளைங்க சேர்ந்தாதான் தூக்க முடியும். இத்தினி வருசமா ஸ்பிரிங்தான் தூக்குச்சு. நீங்க கையை வச்சு, 'போ'ன்னு சொன்னீங்க. அது போச்சு."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இருபது வருஷமாக நான் தூக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டாரே என்று இருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஷட்டர் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு ஷட்டர் பட்டைகள் வெளியே தொங்கும், எடை கூடும். அதே கணக்கில் ஸ்பிரிங்கும் இறுகிக்கொண்டே வரும். மேலே ஏற ஏற எடையும் குறையும், முறுக்கும் குறையும். ஒன்றுக்கொன்று ஈடாகவே போகும். அதனால்தான் சரியாக இருக்கிற ஷட்டர் எந்த இடத்திலும் கனப்பதில்லை.

நடுச் சக்கரத்தைக் காட்டினார். அதன் ஸ்பிரிங் கொக்கி போல வளைந்த இடத்தில் முறிந்து, சுருள் குலைந்து கிடந்தது. முறிந்த இடம் துருப்பிடித்துச் சிவப்பாக இருந்தது.

"தோ பாருங்க. இது ஒடஞ்சு வருசக்கணக்காச்சு. ஒடையும்போது பலமா சத்தம் வந்திருக்குமே?"

குரங்கு என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வந்துச்சு" என்றேன்.

"மூணு பேரு தூக்க வேண்டியதை ரெண்டு பேரு தூக்கினு இருந்தாங்க. அந்த ரெண்டும் தளந்துபோச்சு. உங்க தோள்ல ஒரு கோளாறும் இல்லம்மா."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தைலம் வாங்கித் தேய்த்த நாட்கள், வயசு போய்விட்டது என்று கண்ணாடியைப் பார்த்த நாட்கள் எல்லாம் வீண். நான் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. சாலைக்கு எதிரே டிரைவர் ஜீப்பில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டீங்களா டிரைவரே, எனக்கு ஒண்ணுமில்லையாம்!" என்று கத்தினேன். அவர் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

பழைய ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கை அவிழ்ப்பதுதான் ஆபத்தான வேலை. ஷட்டரை முழுக்க மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினார். குழாயின் முனையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பைப் ரெஞ்சை மாட்டி, கிளாம்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கை நழுவினால் ரெஞ்சு சுழன்று வந்து மணிக்கட்டை முறித்துவிடுமாம். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு ஷட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டபடி மெதுவாகத் தரைக்கு இறக்கி, சக்கரங்களிலிருந்து கழற்றினார். குழாயைக் கீழே இறக்கத் தனி ஆளால் முடியவில்லை. டிரைவரைக் கூப்பிட்டோம். அவர் வந்து ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். புதுப் பெட்டிகளை மாட்டிய பிறகு திரும்ப ஏற்றவும் தோள் கொடுத்தார்.

கடைசியாக முறுக்கு ஏற்றுவது. ஷட்டர் முழுசாக மேலே போய்ச் சுருண்ட பிறகும் ஸ்பிரிங் துவண்டுவிடக் கூடாது, இரண்டு சுற்றாவது உள்ளே பாக்கி இருக்க வேண்டும் என்றார். ரெஞ்சால் குழாயைத் திருப்பி ஒரு சுற்று, கிளாம்பை இறுக்கி, ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கையை எடுத்தார். மெல்லக் கீழே இறங்கியது. இன்னும் அரைச் சுற்று. திரும்பவும் இடுப்பு உயரம். இப்போதும் ஒரு சாண் இறங்கியது. இன்னொரு சுற்று கொடுத்தார். இந்தத் தடவை தானாக மேலே ஏறியது.

"ஜாஸ்தியாப் போச்சு. கீழயும் வரக் கூடாது, மேலயும் போகக் கூடாது. வுட்ட எடத்துல நிக்கணும்."

கால் சுற்று குறைத்தார். ஷட்டர் இடுப்பளவில் அப்படியே நின்றது. அவர் கையைத் தட்டிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார். நான் போய் ஒற்றைக் கையை வைத்து லேசாகத் தள்ளினேன். சரசரவென்று மேலே போனது. திரும்பத் திரும்ப நாலைந்து தடவை ஏற்றி இறக்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டேன் என்று எனக்கே தெரியும்.

டிரைவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வேலை முடிஞ்சுதுங்க" என்றார். மெக்கானிக்கின் வேலையைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மகள் வந்தாள். முதல் நாள் காலையிலேயே கடைக்கு வந்து, நான் பூட்டைத் திறப்பதை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒற்றைக் கையால் தூக்கினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் தானே மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். "சரிம்மா, நீ ஜெயிச்சுட்ட. இங்கயே இரு" என்று சொல்லி என் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாம் நாள் அவர்களை ஜீப்பில் ஏற்றிவிட்டேன். டிரைவர் பேரப்பிள்ளையைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார்.

மறுநாள் காலையில் பிளாஸ்கில் இரண்டு பேருக்கு டீ எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை. டிரைவர் எதிரே ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பூட்டைத் திறந்தேன், ஷட்டரைத் தள்ளினேன், அது போனது. ஒரு மூச்சு விடுவதற்குள் கடை திறந்துவிட்டது. படிக்கட்டில் நின்று ஒரு கிளாஸ் டீ குடித்தேன். மிச்சத்தை மத்தியானம் கீழே கொட்டினேன்.

'வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள்' என்று கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் தினமும் அதைத்தான் நினைத்தேன். ஜீப்புக்கு எட்டுப் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில், வேலை ஒன்றும் இல்லாத ஓர் ஆம்பிளையை, டீ குடிக்க வா என்று நான் எப்படிக் கூப்பிடுவேன்? அவர்தான் எப்படி வருவார்? ஒருநாள் ரீசார்ஜ் போட வந்தார். போட்டேன். மெசேஜ் வந்துவிட்டதா என்று போனைப் பார்த்தார். வந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றார். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக இருப்பது எனக்குப் புதுசில்லை. ஆனால் அதுவரை நான் தனியாக இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் விடிந்ததுமே, டிரைவரிடம் சொல்வதற்கு ஏதாவது ஒன்றை மனசு பொறுக்கி வைத்துக்கொள்ளும். இப்போது பொறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. சில நாட்களில் நான் பேசுகிற முதல் வார்த்தையே பத்து மணிக்கு மேல், "எத்தனை காப்பி?" என்பதாக இருக்கும். அதற்குள் தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று வரும். எதிரே இருபதடி தூரத்தில் அவர் நிற்பார். அந்த இருபதடியைத் தாண்ட எங்கள் இருவருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒருநாள் காலையில் பூட்டைத் திறந்துவிட்டு, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, தூக்குவது மாதிரி பாவனை செய்தேன். பல்லைக் கடித்தேன். திரும்பி, "டிரைவரே, மறுபடியும் கனமாயிடுச்சு" என்றேன்.

அவர் துணியை அப்படியே பேனட் மேல் போட்டுவிட்டு வந்தார். வந்த வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கிட்டத்தட்ட ஓடி வந்தார். குனிந்து, இரண்டு வருஷமாகத் தூக்கிய அதே பலத்தோடு அடிப்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினார். மூன்று புது ஸ்பிரிங்கும் அவரும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? ஷட்டர் பறந்தது. மேலே போய்த் தகர மூடியில் மோதிய சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் எழும்பின. அவர் தடுமாறிப் பின்னால் இரண்டு படி இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப்புக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னா டிரைவரு, காலங்காத்தால கீழூர் அம்மா கடையை ஒடைக்கிறியா?" என்று ஒருவர் கேட்டார். அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. புரிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. சந்தோஷம்கூட இருந்ததோ என்னவோ. ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ. அத்தனை பேர் முன்னால் என் பொய் வெளுத்துவிடும் என்ற பயத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "எதுக்கு இப்படி முரட்டுத்தனமா தூக்கறீங்க? புது ஸ்பிரிங் போட்டது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்ங்க" என்றார் மெதுவாக. "நான்தான ஆளைக் கூட்டினு வந்தேன்."

அவர் போய் ஜீப்பை எடுத்தார். ஏழு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆள் முழுசாகச் சேரவில்லை. இருந்தவர்களோடு கிளம்பிவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து ஜீப் எதிரில் நிற்கவில்லை. வளைவைத் தாண்டி, பஸ் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்த ஆரம்பித்தார். அங்கே நிழல் இருக்கிறது என்று சொன்னாராம். காலை ஆறரை மணிக்கு எங்கள் மலையில் யாருக்கு நிழல் வேண்டும்? கடையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. ஏழு மணிக்கு ஹாரன் சத்தம் மட்டும் கேட்கும். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைப்பேன். கால் எழும்பாது. கேட்கிறதாக இருந்தால் எதற்குக் கூப்பிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற தைரியம் என்னிடம் இல்லை.

இப்படி ஒரு மாசத்துக்கு மேல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். வழக்கமான பேச்செல்லாம் முடிந்து, "ஷட்டர் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். இப்போது அது அவளுக்கு வெறும் விளையாட்டு.

"நல்லா இருக்கு. ஒத்தைக் கையில போகுது" என்றேன். பிறகு, நினைத்து வைக்காமலே, "நான் அங்கயே வந்துடறேன்" என்றேன்.

"ஏம்மா? திரும்ப ரிப்பேரா? தூக்க முடியலையா?"

"முடியுது. நானே திறக்கறேன், நானே மூடறேன். யாருமே வர்றதில்ல."

"முன்னாடி யாரும்மா வந்தாங்க?" என்றாள்.

சொன்னேன். ஸ்பிரிங் முறிந்தது, குரங்கைத் திட்டியது, டிரைவர் தூக்கியது, டீ, நான் கத்தியது, ஜீப் தள்ளிப் போனது, ஒன்று விடாமல் சொன்னேன். இரண்டு வருஷம் அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

"அப்படின்னா நம்ம பேச்சுப்படி நீ ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க வந்திருக்கணும். அந்த ரெண்டு வருஷமும் என்னை ஏமாத்தி அங்க இருந்திருக்க."

"ஆமா" என்றேன். "அந்த ரெண்டு வருஷம்தான்டி நான் நல்லா இருந்தேன்."